முதுகுக்குப் பின்னால வர்ற பந்து

அந்தக் கட்டில்ல உக்காராத அம்மணி, அதுல கரண்டு வெச்சா சுள்ளு சுள்ளுனு வெட்டும். இங்க வா, எம்பக்கத்துல உக்காரு. காலை நீட்டிக்க. தலையணைய முட்டிக்கு அடியில குடுக்காத. குடுத்தா சொகமாத்தான் இருக்கும், அப்புறம் கால் நேரா நீளாது. எனக்கு இதையெல்லாம் எடுத்துச் சொல்ல ஆளில்ல, பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டன்.

லாங் ஜம்ப்பா? மணல்ல எறங்கறப்பவா போச்சு? சத்தம் கேட்டிருக்குமே. எனக்கும் கேட்டுச்சு, முருங்கக் கொப்பு முறியறதாட்ட. நான் வாலிபால். பேரு சங்கவி. பெருந்துறைக்கு அக்கட்ட ஒரு காலேஜுல கடைசி வருசம். ஆபரேசன் முடிஞ்சு, இங்க பிசியோ அக்கா இப்பத்தான் சைக்கிள் மிதிக்க உட்டிருக்காங்க.

அழுவாத. ஒண்ணு கேக்கறன், நெசத்தச் சொல்லு. நீ அழுவறது வலிக்கா, இல்ல உன்ற எடத்துல இப்ப வேறொருத்தி ஓடிக் குதிக்கறாளேன்னா? பாத்தியா, மூஞ்சியத் திருப்பிக்கற. தப்பில்ல, எல்லாருக்கும் வர்றதுதான். அடிபட்டு உக்காந்தவளுக்கு வலியவிட பொறாமைதான் எச்சா இருக்கும்னு எங்க கோச்சு மேடம் சொல்லுவாங்க. எனக்கு மட்டும் என்னமோ அது வரல. என்ற சுபாவம் அப்படி. நான் எப்படிச் சமாளிச்சன்னு சொல்றன் கேளு, உனக்கு உதவும்.

மொதல்ல இந்துஜாவப் பத்திச் சொல்லோணும். அவ எங்க டீம் லிப்டர். நெட்டுக்குப் பக்கத்துல நின்னு பந்தை மேல தூக்கிப் போடறவ. நாங்கெல்லாம் ஓடி வந்து குதிச்சு அடிக்கறவங்க. கை தட்டறவன் அடிக்கறவளுக்குத்தான் தட்டுவான், தூக்கிப் போட்டவள எவன் பாக்கறான்? நான் பாப்பன். நான் இடதுகைக்காரி, அதனால என்ற எடம் அவளுக்குப் பின்னால, நெட்டோட வலதுபக்கக் கோடி. எனக்குப் போடோணும்னா அவ எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, ஒடம்ப வில்லாட்டம் வளைச்சுப் பின்னால போடோணும். நான் ஓடி வர்றப்ப "ஹொய்"னு ஒரு சத்தம் குடுப்பன். அவ்வளவுதான். அந்தச் சத்தத்துக்குப் பந்து வந்து என்ற இடதுகை போற எடத்துல நிக்கும். அவளுக்கு அது பாத்துப் போடற பந்தில்ல. மூச்சு உடறதாட்ட போடறது. இவளுக்கு முதுகுலயும் கண்ணு இருக்குதான்னு எதிர் டீம்காரிக கேப்பாங்க.

ஹாஸ்டல்ல ஒரே ரூம்பு. ஒட்டுக்காத்தான் சாப்பிடுவம், ஒட்டுக்காத்தான் ஊருக்குப் போவம். மேட்ச்சுக்கு முன்னால அவ வலதுகை மோதிர வெரலையும் சுண்டு வெரலையும் சேத்து டேப் சுத்தோணும். நான்தான் சுத்தி உடுவன். வேற யாரு சுத்துனாலும் இறுக்குதும்பா, இல்லீன்னா நழுவுதும்பா. நான் சுத்துனா கையப் பாக்கக்கூட மாட்டா, பேசிக்கிட்டே நீட்டிக்கிட்டிருப்பா.

அப்படி இருக்கறப்பதான் எனக்குப் போச்சு. யுனிவர்சிட்டி மேட்ச்சுக்கு ரெண்டு மாசந்தான் இருந்துச்சு. சாயங்காலம் பிராக்டீஸ், அடிச்சுப்போட்டு எறங்கறன், நெட்டுக்கு அடியில எதிர்ப்பக்கத்துப் புள்ளையோட பாதம். அது மேல எறங்கிட்டன். அவ்வளவுதான் சோலி. லிகமென்ட்டுன்னாங்க, கிழிஞ்சிருச்சுன்னாங்க, கோயம்புத்தூர்ல ஆபரேசன்னாங்க. அவ ஆஸ்பத்திரியில வந்து ரெண்டு நாளு இருந்தா. என்ற பாதத்தப் புடிச்சுக்கிட்டு, நீ இல்லாம நான் யாருக்குடி போடுவன்னு அழுதா. நான்தான் அவளத் தேத்துனன். மனசுக்குள்ள சந்தோசமாக்கூட இருந்துச்சு, பொய் எதுக்குச் சொல்லோணும்.

தையல் பிரிச்சதும் நேரா ஹாஸ்டலுக்கு வந்துட்டன். ரெண்டு கக்கத்துலயும் கட்டைய வெச்சுக்கிட்டு அன்னிக்கே கிரவுண்டுக்குப் போனன். போனா, பெஞ்சுல உக்காந்து ஒருத்தி இந்துஜாவுக்கு டேப் சுத்தறா. நான் அங்கியே நின்னுட்டன். அவ பேரு தேன்மொழி. அந்தியூர்ப் பக்கம், மொதல் வருசம். நெட்ட நெட்டையா கையுங்காலும், நகத்துக்கெல்லாம் ஊதாக் கலரு பாலீசு. நல்ல பொண்ணுதான், நான் ஒண்ணுஞ் சொல்லல. மேடம் அவளத்தான் என்ற எடத்துல போட்டிருந்தாங்க. போடட்டும், யாராவது ஒருத்திய போட்டுத்தானே ஆவோணும்? ஆனா டேப் சுத்தறது டீம்ல ஒரு எடமா என்ன? அத நீ எதுக்குச் சுத்தற? இந்துஜா நிமுந்து பாத்துச் சிரிச்சா, வந்துட்டியாடின்னா. கைய மட்டும் அவகிட்ட இருந்து எடுக்கல.

அன்னிக்கு ஆட்டத்தப் பாத்தப்பறம் எனக்கு மனசு ஆறிருச்சு. ஏன்னு சொல்றன். தேன்மொழி சோத்துக்கையில அடிக்கறவ. அந்தப் பக்கத்துல நிக்கறவ சோத்துக்கைக்காரின்னா பந்து அவ தலையத் தாண்டி ஒரு முழம் அக்கட்ட போவோணும். இந்துஜா போடறா, ஒரு முழம் இக்கட்டயே நிக்குது. மறுக்கா போடறா, மறுக்காவும் அங்கியே. அந்தப் புள்ள குதிச்சுக்கிட்டு ஆகாசத்துல கையத் தொளாவுது, பந்து காதோரமா வந்து விழுவுது. மேடம் ஓரியாட்டம் பண்ணறாங்க, இந்து, அக்கட்ட போடு, அக்கட்ட போடுன்னு. அவளும் தலைய ஆட்டிப்போட்டு மறுக்கா என்ற எடத்துலதான் போடறா. என்ற இடதுகை எங்க இருக்குமோ அங்க. எனக்கு நெஞ்சு நெறஞ்சு போச்சு அம்மணி. வாய்தான் அவளக் கூப்பிடுது, கை என்னைத்தான் கூப்பிடுது.

அதுக்கப்பறம் ஒரு நாள் தவறாம கிரவுண்டுக்குப் போனன். வலியோட எதுக்கு வந்து உக்காந்திருக்கறன்னு மேடம்கூடக் கேட்டாங்க. டீமுக்காக வர்றனுங்க மேடம்னு சொன்னன். அவுங்க எல்லாருக்கும் சொல்லிக் காட்டுனாங்க, சங்கவியப் பாத்துக் கத்துக்குங்கன்னு. கட்டைய ஓரமா சாத்திப்போட்டு, நெட்டுக் கோடிக்கு நேரா, இந்துஜா கண்ணுல படற எடமாப் பாத்து உக்காந்துக்குவன். பந்து மாறி விழறப்பெல்லாம் அவ என்னைப் பாப்பா. நான், உடு, உம்மேல தப்பில்லன்னு கையக் காட்டுவன். தப்பு இல்லதானே?

ஒரு நாளு அந்தத் தேன்மொழியே வந்து காலடியில உக்காந்துக்குச்சு. அக்கா, இந்துக்கா போடற பந்து உங்களுக்குன்னே வருதுக்கா, நீங்க எப்படி ஏறுவீங்கன்னு எனக்குச் சொல்லிக்குடுங்கன்னு கேக்குது. கண்ணெல்லாம் தண்ணி. எவளாவது தன் எடத்துக்கு வந்தவளுக்குச் சொல்லிக்குடுப்பாளா? நான் குடுத்தன். எந்தக் கால் மொதோ, எந்தக் கால் கடைசி, எங்க தாவோணும், ஒண்ணு ஒளிக்காம என்ற ஸ்டெப்ப அப்படியே சொல்லிக்குடுத்தன். அது இடதுகைக்காரி ஸ்டெப்புதான். சோத்துக்கைக்காரி அதுல ஏறுனா கை பின்னாடி மாட்டிக்கும்னு ஒனக்குத் தோணலாம். எனக்குத் தெரிஞ்சதத்தானே நான் குடுக்க முடியும்? அவ கேட்டது நான் எப்படி ஏறுவன்னு. சொன்னன். அடுத்த நாள்ல இருந்து அந்தப் புள்ள காலுக்குக் கால் தடுக்கிச்சு. மேடம் அந்த வாரம் பசங்க டீமையும் சேத்துப் பாத்துக்கிட்டிருந்தாங்க, தூரத்துல இருந்து திட்டறதோட சரி.

அப்பத்தான் இந்துஜா ரூம்புல எங்கிட்ட வந்து உக்காந்தா. அவ பொழப்பச் சொல்லோணும் உனக்கு. அவுங்க ஊட்ல மாப்பிள்ளை பாத்தாச்சு. காலேஜு முடிஞ்சதும் கல்யாணம். அதோட வெளையாட்டும் முடிஞ்சுது. யுனிவர்சிட்டி டீம்ல பேரு வந்தா மேல படிச்சுக்க, கல்யாணத்தத் தள்ளி வெச்சுக்கலாம்னு அவுங்கப்பா ஒரே ஒரு வார்த்தை குடுத்திருந்தாரு. லிப்டரா இருக்கறவளுக்கு அடிக்கறவ அடிச்சாத்தான் பேரு. பந்து மண்ணுல விழுந்தா யாரு எழுதுவா அவ பேர? இதெல்லாம் எனக்குத் தெரியாததா, எங்கிட்டதான் மொதோ சொன்னா. அவ என்ற கால்ல இருக்கற தழும்பையே பாத்துக்கிட்டுச் சொன்னா.

"நீ கிரவுண்டுக்கு வராத சங்கவி. நீ அங்க உக்காந்திருந்தா என்ற கை உனக்குத்தான் போடுது."

இதக் கேட்டா வேற எவளா இருந்தாலும் மனசு ஒடிஞ்சிருப்பா. நான் அதை எப்படி எடுத்துக்கிட்டன் தெரியுமா? எவ்வளவு பெரிய வார்த்தை சொல்லிட்டான்னு எடுத்துக்கிட்டன். ஊர்ல ஒரு லிப்டர் ஒரு அட்டாக்கருக்கு இப்படிச் சொல்லியிருப்பாளா? சேரி கண்ணு, நீ நல்லா வரோணும், நான் வரலன்னு சொன்னன். சொல்லிப்போட்டு அடுத்த நாளே பஸ் ஏறி ஊட்டுக்குப் போயிட்டன். ஊட்ல சோறு எறங்கல. எங்கம்மா மருந்துனாலன்னு நெனச்சுக்கிட்டாங்க. சாயங்காலம் அஞ்சு மணி ஆச்சுன்னா, இப்ப டேப் சுத்துவாங்க, இப்ப பந்தை எடுப்பாங்கன்னு ஓடும். போன் பண்ணா எடுப்பா. நல்லாப் போவுதுடி, இப்ப பந்து அக்கட்ட போவுதுடின்னு சந்தோசமாச் சொல்லுவா. நானும் சந்தோசம்னு சொல்லுவன். வெச்சதும் போனத் தூக்கி மெத்தையில எறிவன்.

மேட்ச்சு சேலத்துல. நான் போயிருக்க வேண்டியதில்லதான். ஆனா பைகளப் பாத்துக்க ஒரு ஆள் வேணும்ல? மேடம்கிட்ட நானே கேட்டன், அவுங்களும் வான்னுட்டாங்க. வேன்ல ஏறுனப்ப இந்துஜா தள்ளி உக்காந்து எனக்கு எடம் குடுத்தா. நான் காலை நீட்டோணும்னு தேன்மொழிதான் அது பையையெல்லாம் மடியில வெச்சுக்கிட்டு வந்துச்சு.

நான் பெஞ்சுல உக்காரல. வாக்குக் குடுத்திருக்கறனே. பின்னால கேலரியில, கூட்டத்தோட கூட்டமா உக்காந்தன். எங்க ஆளுக பைனல் வரைக்கும் வந்துட்டாங்க. அங்கதான் பாத்தன். இந்துஜா பின்னால போடறா, பந்து தாண்டிப் போவுது, தேன்மொழி சோத்துக்கையில எறக்கறா. மறுக்கா போடறா, மறுக்காவும் எறக்கறா. திரும்பிப் பாக்கறதில்ல. முதுகைக் காட்டிக்கிட்டு, ஒடம்ப வளைச்சு, அச்சு அசலா எனக்குப் போட்டதாட்டமே. அந்தப் புள்ள எறங்குனதும் ஓடி வந்து இவ கைய ரெண்டு கையாலயும் புடிச்சுக்குது. எங்கையில இருந்த தண்ணி பாட்டில் நசுங்கிப் போச்சு. ரொம்ப மெல்லிசு பாட்டிலுன்னு நெனைக்கறன்.

கடைசி செட்டு. சமமா வந்து இப்ப நாங்க ஒரு பாயின்ட்டு முந்தி நிக்கறம், அந்தப் பந்து எடுத்தா எங்களுக்குக் கப்பு. கேலரியில யுனிவர்சிட்டி டீமுக்கு ஆள் எடுக்கறவங்க நாலு பேரு எழுதிக்கிட்டு உக்காந்திருக்காங்க. பாஸ் நல்லா வருது, இந்துஜா பந்துக்கு அடியில போறா, தேன்மொழி பின்னால இருந்து ஓடி வர்றா. அந்த நேரத்துல எனக்கு வாய்ல வந்துருச்சு. "ஹொய்!" வேணும்னு இல்ல. மூணு வருசமா அந்த எடத்துல, அந்த நேரத்துல வந்த சத்தம், வாயி என்னைக் கேட்டுக்கிட்டா தெறக்குது? நானே திடுக்குனு பொத்திக்கிட்டன்.

பந்து ஒரு முழம் இக்கட்ட வந்து நின்னுச்சு.

நான் பாத்தன் அம்மணி. அவ்வளவு கூட்டம், அத்தனை கத்தல், அதுக்கு நடுவுல அவ கை எனக்குப் போட்டுச்சு. தேன்மொழி மேல இருக்குது, சோத்துக்கை சும்மா நிக்குது, போச்சுன்னு எல்லாரும் ஒரு மூச்சு உட்டாங்க. அந்தப் புள்ள என்ன பண்ணுச்சு தெரியுமா? இடதுகையத் தூக்கிச்சு. பொடேர்னு ஒண்ணு வெச்சுச்சு. எதிர்ப்பக்கத்துக்காரிக சோத்துக்கைக்குத் தடுக்க நின்னாளுக, பந்து அவளுக தோளத் தாண்டிக் காலியா கெடந்த மூலையில போயி விழுந்துச்சு. கேலரி எந்திரிச்சு நிக்குது. இத எப்படா பழகுனாங்கன்னு பக்கத்துல ஒரு ஆளு வாயப் பொளக்கறாரு.

அப்பறம் தேன்மொழி நேரா கேலரிக்கு ஏறி வந்து என்னைக் கட்டிக்கிச்சு. அக்கா, நீங்க சொல்லிக்குடுத்த ஸ்டெப்புக்கா அது, அதுல ஏறுனா இடதுகைதான் தானா வருது, அதனால நான் தெனமும் செவுத்துல இடதுகையால அடிச்சுப் பழகுனன், உங்களாலதான்கான்னு அழுவுது. மேடம் எல்லாரு முன்னாலயும் என்ற முதுகுல தட்டுனாங்க. போட்டோவுல என்னை நடுவுல உக்கார வெச்சாங்க. நான் சிரிச்சன். அந்தப் புள்ளைக்கு அப்ப ரெண்டு அறை உடலாம்னு இருந்துச்சு, ஏன்னு தெரியல, ரொம்ப அசதியா இருந்திருக்கும்.

இந்துஜா வரல. கடைசியில பைய எடுக்க வந்தப்பதான் வந்தா. முட்டிக்குப் போடற கேப்பக் கழட்டி மடிச்சுக்கிட்டே, என்னைப் பாக்காமச் சொன்னா.

"அது உன்ற சத்தம்னு எனக்குத் தெரியும்."

அவ்வளவுதான். பாரேன், அத்தனை பேரு சத்தத்துல என்ற சத்தம் அவளுக்குத் தெரிஞ்சிருக்குது. திரும்பி வர்றப்ப வேன்ல முன்னால போயி மேடத்தோட உக்காந்துக்கிட்டா. தலவலியா இருக்கும். ரெண்டு பேர்த்துக்கும் யுனிவர்சிட்டி டீம்ல பேரு வந்துச்சு, இந்துஜாவுக்கும் அந்தப் புள்ளைக்கும். கல்யாணத்தத் தள்ளி வெச்சுட்டாங்க. எல்லாம் நல்லபடியா ஆயிருச்சு. யாருக்கு என்ன கொறை?

இல்ல, பேசிக்கிட்டுத்தான் இருந்தம். ஒரே ரூம்புல பேசாம இருக்க முடியுமா? பக்கெட்ட எடுத்துக்கட்டுமா, லைட்ட அணைக்கட்டுமா, இப்படி. சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல.

நேத்து சாயங்காலம் யுனிவர்சிட்டி டீம் கேம்ப்புக்குக் கெளம்பறதுக்கு முன்னால அவளா வந்தா. நீ நின்ன எடத்துலயே பந்தடிக்கலாம்னு பிசியோ அக்கா சொல்லிட்டாங்களாமே, வர்றியான்னு கேட்டா. எனக்கு எப்படி இருந்துச்சுன்னு உனக்குத்தான் புரியும். கிரவுண்டுல யாரும் இல்ல. நான் என்ற கோடியில போயி நின்னன். அவ முதுகைக் காட்டிக்கிட்டு நின்னா. "ஹொய்"னன். போட்டா. பந்து என்ற தலையத் தாண்டி ஒரு முழம் அக்கட்ட போயி விழுந்துச்சு. காத்துல போயிருச்சுன்னு நான்தான் சொன்னன். காத்தே இல்ல, ஒரு எலகூட அசையல. இன்னொண்ணு போட்டா. அதுவும் அங்கியே போச்சு. மறுக்கா "ஹொய்"னன், கொஞ்சம் சத்தமா, அவளுக்குக் கேக்கலையோன்னு. அதுவும் அக்கட்ட.

அப்பறம் அவ பந்தை எடுத்துக்கிட்டு என்ற பக்கமாத் திரும்பி நின்னா. மொகத்துக்கு நேரா. என்ற இடதுகையப் பாத்தா, நெட்டப் பாத்தா, மறுக்கா கையப் பாத்தா. ஊட்டுக்கு விருந்து வந்த ஒறம்பரைக்கு எலையில வெக்கறதாட்ட மெதுவா, அளந்து, தூக்கிக் குடுத்தா. சரியான எடத்துலதான் வந்துச்சு, ஒரு வெரல்கூடத் தப்பல. நான் அடிச்சன். அந்தப்பக்கம் போயி விழுந்துச்சு.

"நல்லா இருந்துச்சா சங்கவி?"ன்னு கேட்டா.

மூணு வருசம் அம்மணி. எனக்கு எத்தன ஆயிரம் பந்து போட்டிருப்பா. ஒரு நாளும் அவ அப்படிக் கேட்டதில்ல.